தெருவரைக்கும் வந்த தண்ணி

சென்னையில் வேலை பார்க்கும் கூட்டாளி ஒருத்தன் இந்த வருஷம் எங்கள் திருநெல்வேலி ஆனித் தேரோட்டத்துக்கு வந்திருந்தான். வாகையடி முக்கில் தேர் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் ஒரு டீக்கடை பெஞ்சில் இடம் பிடித்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி வாடகையில் வந்து நின்றது. "ஒனக்கென்னடே, கொடுத்து வச்சவன். ஆறாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் வீடு கெடைக்கு. நான் அங்க கொடுக்குத துட்டுக்கு இங்க நாலு வீடு பிடிச்சு, நாளுக்கு ஒண்ணுல படுத்துக்கிடலாம்" என்றான். நான் சிரித்தேன். அவன் விடவில்லை. "எங்கயாவது அஞ்சு செண்ட் பாத்து வையேன். சும்மா வாங்கிப் போட்டு வைப்போம்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. வேளச்சேரியில் 26,000 ரூபாய் வாடகை கொடுக்கிறான். நான் சுத்தமல்லி விலக்குக்குப் பக்கத்தில் 6,500 கொடுக்கிறேன். அவன் சம்பளம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். டவுனில் மொத்தக்கடை ஒன்றில் கணக்கெழுதும் எனக்கு 22,000. வாடகையைச் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் அவனுக்கு நூற்றுக்கு இருபத்து நாலு போகிறது, எனக்கு முப்பது. கணக்கெழுதுகிறவன் புத்தி, டீ ஆறுவதற்குள் இதைப் போட்டுவிட்டேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. விருந்தாளியாக வந்தவனிடம் என்ன கணக்கு. அன்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்ததற்குக் காரணமும் இந்த முப்பது இல்லை. 'வீடு கெடைக்கு' என்று அவன் அத்தனை லேசாகச் சொன்னானே, அதுதான். எங்களுக்கு ஒரு வீடு கிடைப்பதைவிட, இருந்த வீட்டிலிருந்து வெளியே வருவதுதான் பாடாக இருந்தது. எட்டு மாதம் ஆனது. அதற்காக நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை அம்மாவைத் தவிர யாரிடமும் இதுவரை பேசியதில்லை.

வளவு வீடு

2012 ஆவணியில் சிந்துபூந்துறையில், ஒரே சுற்றுச்சுவருக்குள் ஆறு வீடு இருக்கிற ஒரு வளவில் ஒத்திக்கு வீடு பிடித்தோம். ஒத்தி என்றால் நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வடக்கே இருப்பவர்கள் லீஸ் என்றோ போக்கியம் என்றோ சொல்வது. மொத்தமாக ஒரு தொகையைக் கையில் கொடுத்தால் வாடகை கிடையாது, கொடுத்த பணத்துக்கு வட்டியும் கிடையாது. கெடு முடிந்து காலி பண்ணும்போது அதே தொகை திரும்ப வரும். எங்கள் ஒத்தி 1,25,000. அம்மா இருபது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றிய பி.எஃப். பணம் அதில் பெரும்பங்கு. மிச்சத்துக்கு வளையல் அடகுக்குப் போனது. முன்பக்கம் ஒரு சின்ன தார்சா, அதை அடுத்து கூடமாகப் பட்டாசல், அதற்குப் பின்னால் அடுக்களை. அடுக்களை மூலையில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வெளியே போக அங்கணக்குழி. வளவுக்குப் பொதுவாக ஒரு குழாய், ஆறு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ். தாமிரபரணி ஆற்றுக்கு நடந்தால் ஐந்து நிமிஷம். விடியற்காலை ஜங்ஷனில் ரயில் நிற்கிற சத்தமும் வெயில் காலத்தில் ஆற்றுக் காற்றும் வாடகையில்லாமல் வந்தன.

வீட்டுக்காரர் நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேற்கொண்டு வருகிற கதையில் வில்லன் தேடுகிறவர்கள் அவரைத்தான் பிடிப்பார்கள். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகனோடு சென்னைக்குப் போனவர். முதன்முதலில் வாங்கிய ஒத்திப் பணம் மகள் கல்யாணத்தில் நகையாகப் போய்விட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கெடு புதுப்பிக்கும்போது கொஞ்சம் கூட்டிக் கேட்பார். 2015-இல் 1,50,000 ஆனது, 2018-இல் இரண்டு லட்சம், 2021-இல் இரண்டரை லட்சம். ஒவ்வொரு தடவையும் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்குவோம். சட்டப்படி ஒத்தி என்பது அடமானம், பதிவு செய்தால்தான் செல்லும். ஆனால் எங்கள் வளவில் யாரும் பதிவு செய்ததில்லை. செலவு ஒரு பக்கம். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், நாளைக்கு வீட்டை விற்கவோ பேங்கில் வைக்கவோ இடைஞ்சல் என்று வீட்டுக்காரர்கள் ஒப்புவதில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஒத்தி இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. மஞ்சப்பைக்குள் இருக்கும் இருபது ரூபாய்த் தாளும், 'அண்ணாச்சி ஏமாத்த மாட்டாவ' என்ற நம்பிக்கையும்தான் இரண்டரை லட்சத்துக்குப் பிடிமானம்.

ஒத்தியைப் பற்றி எனக்கும் அம்மாவுக்கும் பல வருஷமாகச் சண்டை. 2012-இல் அதே பணத்துக்குச் சுத்தமல்லிப் பக்கம் இரண்டு செண்ட் மனை வாங்கிப் போடச் சொல்லி மாமா தலைபாடாக அடித்துக்கொண்டார். அப்போது அங்கே செண்ட் அறுபதாயிரம் என்றார்கள். நெல்லைக் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு போகம் விளைந்த வயலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கல் நட்டு, கொடி தோரணம் கட்டி விற்றுக்கொண்டிருந்த காலம். இன்று அதே பக்கத்தில் செண்டுக்கு மூன்று லட்சம் கேட்கிறார்கள். 'அன்னைக்கு மாமா பேச்சைக் கேட்டிருந்தா இன்னைக்கு ஆறு லட்சம்' என்று நான் ஆரம்பித்தால் அம்மா பதிலுக்கு விரலை மடக்குவாள். முதல் வருஷம் வாடகை வீடு என்றால் மாதம் இரண்டாயிரம், கடைசி வருஷம் ஐயாயிரம், நடுவாந்தரமாக மூவாயிரத்து ஐந்நூறு. பன்னிரண்டு வருஷத்துக்கு நூற்று நாற்பத்து நாலு மாதம். ஐந்து லட்சத்து நாலாயிரம். "அதை யாரு கொடுத்திருப்பா? ஒங்க மாமனா?" உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தால் அம்மாதான் ஜெயிக்கிறாள். மனையை வாங்கிப் போட்டிருந்தாலும் தலைக்கு மேல் கூரை இருக்காது, வாடகை கொடுத்தே ஐந்து லட்சம் கரைந்திருக்கும். அதோடு அந்த மனைக்கு அப்ரூவல் கிடையாது. 2016-இல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர்நீதிமன்றம் சொன்னபோது மாமாவே தன் மனையை விற்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அடுத்த வருஷம் வரன்முறை விதிகள் வந்து, கட்டணம் கட்டி, அதற்கும் ஒரு அலைச்சல் அலைந்தார். ஆனாலும் ஒன்று. அம்மா மிச்சம் பிடித்த அந்த ஐந்து லட்சத்தை எங்கள் வீட்டில் ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவிலும் தங்கச்சி படிப்பிலும் அது மாதாமாதம் சில்லறையாகக் கரைந்துபோனது. மாமாவின் மனை இன்றைக்கும் அதே இடத்தில் கிடக்கிறது. போய் நின்றால் காலுக்குக் கீழே தெரிகிறது.

அங்கணக்குழி

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று நடந்ததை நம்ம ஊரில் ஆளாளுக்கு ஒரு கதையாகச் சொல்வார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பிறகு செய்தியில் கேட்டோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் பிடித்த மழை சாயங்காலம் வரை ஒரு நிமிஷம்கூட விடவில்லை என்பதுதான். கரண்ட் போய்விட்டது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிவிட்டது என்றார்கள். அது மழைக்கு மழை முங்குகிற கோயில், நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரி இரண்டு மணி வாக்கில் அடுக்களையில் யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கணக்குழி வழியாகத் தண்ணீர் பொங்கி வருகிறது. வாசல் பக்கம் ஒரு சொட்டு இல்லை. வெள்ளம் தெரு வழியாகத்தான் வரும் என்று தார்சாவில் மணல் சாக்கு அடுக்கி வைத்திருந்த எங்கள் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

ரேஷன் கார்டு, ஒத்திப் பத்திரம், தங்கச்சி சர்ட்டிபிகேட் எல்லாம் இருந்த மஞ்சப்பையை அம்மா தலையில் வைத்துக்கொண்டாள். எதிர் வளவுக்காரர் தட்டட்டியில், மொட்டை மாடியில், முப்பது பேர் விடிய விடிய நின்றோம். வளவில் மூத்த ஆச்சி மட்டும், "தொண்ணூத்திரெண்டுல ஒரு தடவை பாத்தேன், சாவுததுக்குள்ள இன்னொரு தடவை காட்டிட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுநாள் விடிந்தபோது ஆறு எது, தெரு எது என்று தெரியவில்லை. தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் போனபோது சுவரில் சுற்றிலும் பழுப்பாக ஒரு கோடு, மட்டப்பலகை வைத்துப் போட்ட மாதிரி, கட்டிலுக்கு மேலே நாலு விரல் உயரத்தில். நான் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். என் தொடைக்கு வந்தது. கிரைண்டர், டிவி, அரிசி டிரம், மெத்தை எல்லாம் போனது. ரேஷன் கடையில் 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்காரர் ஆளனுப்பி வெளிர்பச்சை டிஸ்டம்பர் அடித்தார். பட்டாசலில் மர அலமாரியை மட்டும் நகர்த்தவில்லை; தண்ணீர் குடித்து ஊதிப்போயிருந்ததால் தூக்கினால் உடைந்துவிடும் என்று பெயிண்டர் அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போய்விட்டான். அலமாரிக்குப் பின்னால் கோடு அப்படியே இருந்தது.

இனி அங்கே இருக்க முடியாது என்று அம்மாவே சொன்னாள். ஜனவரியில் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "கெடு ஆவணி வரைக்கும் இருக்குல்லா தம்பி. முன்னாடியே போகணும்னா ஒரு ஆளைப் பாருங்க. ஆள் வந்தா மறுநிமிஷம் துட்டு." இதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. ஒத்தியில் எந்த வீட்டுக்காரர் கையிலும் பணம் இருக்காது. வாங்கிய அன்றே அது கல்யாணமாகவோ கடனடைப்பாகவோ மாறிவிடும். அடுத்த ஒத்திக்காரன் கொண்டுவரும் பணத்தைத்தான் போகிறவன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். வரும்போது எங்களுக்கு இது உறைக்கவில்லை. நாங்கள் கொடுத்த 1,25,000-த்தில் எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பம் வெளியே போயிருக்கும். அவர்கள் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

ஆள் காட்டுதல்

அந்த எட்டு மாதமும் நான் அந்த வீட்டுக்குச் சம்பளமில்லாத புரோக்கர். சாயங்காலம் கடை முடிந்து வந்தால் யாராவது வீடு பார்க்க வந்து நிற்பார்கள். வெள்ளத்துக்கு முன்னால் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது. இப்போது முதல் கேள்வி வேறு தண்ணீரைப் பற்றியது. "வந்துச்சா?" என்பார்கள், எது என்று சொல்வதுகூட இல்லை. "வந்துச்சு" என்பேன். "எம்புட்டு?" தொடையைத் தொட்டுக் காட்டுவேன். அதற்குப் பிறகு அடுக்களையைப் பார்க்காமலே கிளம்பிவிடுவார்கள். ஏழு பேர் இப்படிப் போனார்கள். வீட்டுக்காரர் ஒருநாள் போனில் வருத்தப்பட்டார். "நீங்களே இப்படிச் சொன்னா யாரு வருவா தம்பி? எனக்கு மட்டும் துட்டு மரத்துலயா காய்க்கு?" அம்மா அவ்வளவு நாசூக்காகச் சொல்லவில்லை. "நீ அரிச்சந்திரனாவே இரு. அடுத்த வெள்ளத்துக்கும் நாமதான் இங்க இருப்போம்."

இதற்கு நடுவே மேட்டுப் பக்கமாக எங்களுக்கும் வீடு தேடினேன். தியாகராஜ நகர், பெருமாள்புரம், மகாராஜ நகர் என்று பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் சுற்றினேன். வரிசையாகப் பூட்டிக் கிடக்கிற வீடுகளை அப்போதுதான் பார்த்தேன். வாசலில் சருகு, கேட்டில் துருப்பிடித்த பூட்டு. பக்கத்து வீட்டில் கேட்டால் பையன் அமெரிக்காவில், பொண்ணு பெங்களூரில், வாடகைக்கு விட்டால் காலி பண்ண மாட்டார்கள் என்று பயம் என்பார்கள். திறந்திருக்கிற வீடுகளில் வாடகைக்கு முன்னால் வேறு கேள்வி வரும். 'சைவம் மட்டும்' என்று அட்டை தொங்கும். நம்ம ஊரில் அந்தச் சொல்லுக்குச் சாப்பாட்டைத் தாண்டியும் அர்த்தம் உண்டு என்பது உள்ளூர்க்காரனுக்குத் தெரியும். சிலர் அட்டைகூட வைப்பதில்லை, "நீங்க யாரு?" என்று நேராகவே கேட்டுவிடுவார்கள். பேர் சொன்னால் போதாது, எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று போகும். வாடகையைப் பற்றி எழுதுகிற யாரும் இந்தக் கேள்விக்கு ஒரு தொகை போட்டுக் காட்டியதில்லை. என் அனுபவத்தில் அதற்கு விலை உண்டு. கேள்வி கேட்காத வீடுகளின் வாடகை கொஞ்சம் கூட, அல்லது அவை பள்ளத்தில் இருக்கும்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் அந்தக் குடும்பம் வந்தது. புருஷன் நயினார்குளம் மார்க்கெட்டில் லோடுமேன். அவன் தார்சாவிலேயே நின்றுகொண்டான். வீடு பார்க்க வந்தவள் அவன் பெண்டாட்டிதான். முப்பது வயது இருக்காது. கையில் ஒரு பிள்ளை, சேலையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. ஒவ்வொரு இடமாக நின்று பார்த்தாள். சுவரைத் தடவினாள், அடுக்களை ஜன்னலைத் திறந்து மூடினாள், அங்கணத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று குனிந்து பார்த்தாள். அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஆத்துத் தண்ணி வந்துச்சாண்ணே?"

அம்மா கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அலமாரியைப் பார்த்தேன். முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன் என்று சொன்னால் பொய்; யோசிக்கவே இல்லை என்று சொன்னாலும் பொய். "தெருவரைக்கும் வந்துச்சும்மா" என்றேன். தெருவுக்கு வந்தது உண்மைதானே. அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அவள் நிமிர்ந்து என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். "அப்படியா" என்றாள். பிறகு கக்கூஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் தார்சாவில் அவள் புருஷனோடு தொகை பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் மூன்று லட்சம் சொல்லச் சொல்லியிருந்தார். அவன் 2,80,000-த்தில் நின்றான். பேச்சு முடிந்து திரும்பிப் பார்த்தபோது அவள் வளவுக் குழாயடியில் ஆச்சியோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் பேசினாள், என்ன பேசினாள், தெரியாது.

மறுநாளே பத்தாயிரம் அச்சாரம் வந்தது. இரண்டு வாரத்தில் வீட்டுக்காரர் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார். பட்டாசலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அவள் ஒரு துணிக்கடைப் பைக்குள்ளிருந்து கட்டுகளை எடுத்து வைத்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. வீடு பார்க்க வந்த அன்று சங்கிலி கிடந்தது. வீட்டுக்காரர் எண்ணினார். எண்ணி முடித்த கையோடு இரண்டரை லட்சத்தை அம்மா மடியில் வைத்தார், மிச்சத்தைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் பையிலிருந்து அம்மா மடிக்கு வர பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ரப்பர் பேண்டுகூட மாறவில்லை. அம்மா அந்தப் பணத்தை எண்ணவே இல்லை, அப்படியே முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். வெளியே வந்த பிறகுதான், "கொடுத்த துட்டு ஒத்த ரூவா கொறையாம வந்துட்டு" என்றாள்.

சும்மா வாங்கிப் போட்டு வைப்பது

இப்போது நாங்கள் இருக்கும் வீடு மேட்டில். ஒத்தி தருகிற வீடுகள் இந்தப் பக்கம் எங்கள் தொகைக்கு இல்லை. வாடகை 6,500, அட்வான்ஸ் ஐம்பதாயிரம். மூன்று மாத வாடகை 19,500 தானே, சட்டம் அப்படித்தானே சொல்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வீடு வேறு யாருக்காவது போயிருக்கும். மிச்சம் இரண்டு லட்சம் அம்மா பேரில் பேங்கில் கிடக்கிறது. பன்னிரண்டு வருஷம் பார்க்காத வாடகை மாதாமாதம் ஐந்தாம் தேதி கதவைத் தட்டுகிறது.

இந்தத் தெருவிலும் பாதி மனை காலியாகக் கிடக்கிறது. கருவேலம் முளைத்து, நடுவில் சர்வே கல் தலையை நீட்டிக்கொண்டு. மூன்று செண்ட் வாங்கினால் ஒன்பது லட்சம். பத்திரச் செலவு தனி: முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சேர்த்து நூற்றுக்கு ஒன்பது. எழுநூறு சதுர அடி கட்டினால், சதுர அடி 2,300 என்று கொத்தனார் சொல்கிறார், பதினாறு லட்சம். மொத்தம் இருபத்தைந்து லட்சத்துக்கு மேல். என் சம்பளத்தில் ஒரு ரூபாய் தொடாமல் ஒன்பதரை வருஷம் சேர்க்க வேண்டும். கடன் வாங்கலாமே என்றால் அங்கேயும் ஒரு முடிச்சு. மனை கைமாறுவது ஒரு விலைக்கு, பத்திரத்தில் ஏறுவது அரசாங்க வழிகாட்டி மதிப்பை ஒட்டிய இன்னொரு விலைக்கு. கையில் ரொக்கம் வைத்திருப்பவனுக்கு அது சௌகரியம். பத்திரத்தில் இருப்பதை வைத்துக் கடன் கேட்கிற எனக்கு, நடுவில் இருக்கும் பள்ளத்தை ரொக்கமாக நிரப்ப வேண்டும். வீடு கட்ட அரசாங்கம் மானியம் தருகிறது, சொந்த மனை இருந்தால்.

இந்தக் காலி மனைகள் யாருடையவை என்று எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி விரல் நீட்டிச் சொல்வார். அது துபாய், அது பெங்களூர், அந்த மூலை மனை சென்னையில் பெரிய வேலை. எல்லாரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள்தான். ஊர்ப் பாசத்தில்தான் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஒருநாள் திரும்பி வந்து கட்டுவோம் என்று மனதார நம்புகிறார்கள். அவர்கள் சம்பளத்துக்கு செண்ட் மூன்று லட்சம் மலிவு. அவர்கள் வாங்க வாங்க அது மூன்றரையாகும். என் கூட்டாளி அன்றைக்கு டீக்கடையில் கேட்ட ஐந்து செண்டை நான் இதே தெருவில் காட்டலாம். கமிஷன்கூடக் கிடைக்கும். இதுவரை காட்டவில்லை. அவன் இரண்டு தடவை வாட்ஸப்பில் நினைவுபடுத்தியிருக்கிறான், 'பாக்கேன்டே' என்று பதில் போட்டு வைத்திருக்கிறேன். இதுவும் அந்தத் தெருவரைக்கும் பதில் மாதிரியானதுதான்.

வெளிர்பச்சை டிஸ்டம்பருக்குக் கீழே இருந்த கோட்டை நான் மறைத்தேனா என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. சில நாள் மறைத்தேன் என்று தோன்றும். சில நாள், அந்தக் கோடு தொகையிலேயே இருந்ததே என்று தோன்றும். ஜங்ஷனுக்குப் பக்கத்தில், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நடக்கிற தூரத்தில், ஆறு வீட்டு வளவானாலும் தனி அடுக்களையோடு ஒரு வீடு 2,80,000-க்கு ஏன் கிடைக்கிறது என்று அங்கணத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்த ஒருத்திக்குத் தெரியாதா? ஆச்சி குழாயடியில் சொல்லாமலா இருந்திருப்பாள்? வளவில் எதையும் ஒருநாளைக்கு மேல் மறைக்க முடியாது. அவள் முன்பே தெரிந்துகொண்டு, வேறு வழியில்லை என்று எடுத்திருந்தால் என் பொய்க்கு மதிப்பே இல்லை. ஆனால் அப்படி நினைக்கும்போது மனசு லேசாவதற்குப் பதில் இன்னும் கனக்கிறது. நான் சொன்ன பொய்யை நம்பி வந்தாள் என்றாலாவது, ஒருநாள் போய் மன்னிப்புக் கேட்கலாம்.

143 அடி

வீடு மாறிய அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததிலிருந்து பேப்பரில் முதலில் அணை நீர்மட்டத்தைத்தான் பார்ப்பேன். நிரம்பினால் பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. விவசாயியாக இருந்தால் நிரம்புவதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அந்த எண்கள் ஏற ஏற, மர அலமாரிக்குப் பின்னால் இருக்கும் கோடு மேலே நகர்வது போல இருக்கும். 2024 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் மறுபடியும் அடைமழை. குற்றாலத்தில் அருவி பொங்கிக் கடைகளுக்குள் புகுந்ததைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆற்றில் வெள்ளம், குறுக்குத்துறை முங்கிவிட்டது என்றார்கள். எங்கள் மேட்டு வீட்டில் ஒரு பயமும் இல்லை. அம்மா சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போட்டுப் பாரு" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஒத்தி எழுதிய அன்று வாங்கி வைத்த நம்பர். நாலைந்து மணி அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் பாத்திரங்களைத் தூக்கி வைக்கிற சத்தமும் ஆச்சியின் குரலும் கேட்டன. யார் என்று சொன்னேன். மழை எப்படி இருக்கிறது, தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"தெருவரைக்கும்தாண்ணே வந்திருக்கு" என்றாள். பிறகு, "அம்மா நல்லாருக்காவளா?" என்று கேட்டாள்.